பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்குக் குளிர்காலத்தில் லிஃப்ட்: எங்கே நிற்பது?

நீங்கள் நிற்க வேண்டிய இடம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் மேற்கு எல்லை அன்று. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் தெற்கிலுள்ள ஓஷ் நகருக்கான சாலை தெற்கே திரும்பும் காரா-பல்தா ஊரின் வெளிப்புறம். அதுவரை மர்ஷ்ருத்கா எனப்படும் சிற்றுந்தில் போய்விடுங்கள்.

நகர எல்லையில் மூன்று மணி நேரம் நின்றும் ஒருவரும் ஓஷ் பக்கம் ஏற்றிச் செல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நகர எல்லையைக் கடக்கும் வண்டிகளில் பல அருகிலுள்ள ஊர்களுக்கோ கசகஸ்தான் எல்லைக்கோ போகின்றன என்பதே காரணமாக இருக்கலாம். ஓட்டுநர்கள் பணம் எதிர்பார்ப்பதும் அங்கே இயல்பு. எத்தனை சோம் (கிர்கிஸ்தான் நாணயம்) என்பதை ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.

வண்டி நின்றதும் "ஓஷ் பக்கமா?" என்று கேட்காமல், "தொக்தோகுல் வரை போகிறீர்களா?" என்று கேளுங்கள். ஓஷ் சாலையில் மலைக்கு அப்பால் உள்ள ஊர் அது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: 3,000 மீட்டருக்கும் மேலுள்ள தோ-அஷூ கணவாயின் சுரங்கவழியைத் தாண்டியதும் வரும் சூசாமிர் பள்ளத்தாக்கில் வேறு திசையிலுள்ள தலாஸ் நகருக்கான சாலை பிரிந்துவிடுவதால், தலாஸ் செல்லும் ஓட்டுநர் நல்லெண்ணத்தோடுதான் உங்களை அந்தப் பிரிவில் இறக்கிவிடுவார், ஆனால் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒதுங்க இடம் அரிதான பனிவெளியில், அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. தொக்தோகுல் மிகவும் தாழ்வான இடம். இரவை அங்கே கழிக்கலாம்.

பனிச்சரிவு அபாயத்தால் கணவாய் மூடப்பட்டிருந்தால் மலை ஏறவே வேண்டாம். நண்பகலுக்குள் வண்டி கிடைக்காவிட்டாலும் அன்றிரவு காரா-பல்தாவிலேயே தங்கிவிடுங்கள்.