டிகிரியில் 48 சதவீதம், கிளாட் ரேங்க்கும் மோசம். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பிளஸ் டூவில் 61 சதவீதம். அப்போது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வான கிளாட் எழுதி, வெளியே சொல்ல முடியாத ரேங்க். பிறகு பி.காம்., ஆறு அரியர், எல்லாம் கிளியர் செய்து 48 சதவீதம். தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்தால் காசு வீணா?

வீணில்லை, போடுங்கள். 52 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கோட்டை விட்டவன் சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தது 2012-ல். ஒன்பது அரியர். அப்போது மாநிலத்தில் அரசு சட்டக் கல்லூரிகளே ஏழுதான். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் ஒருவர், "ஐம்பத்தி ரெண்டுக்கெல்லாம் லா சீட்டா? அறுபத்தஞ்சு வச்சிருக்கவனே அலையுறான்" என்றார். அவர் சட்டம் படித்தவரும் இல்லை, கவுன்சிலிங் போனவரும் இல்லை. ஆனாலும் நம்பினேன். விண்ணப்பமே போடவில்லை. அந்த வருடம் என்னைவிடக் குறைந்த மார்க்கில், என் பிரிவிலேயே ஒரு பையனுக்குக் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தது பிறகுதான் தெரிந்தது. கல்லூரி என்னை நிராகரிக்கவில்லை, நானே என்னை நிராகரித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும்.

இங்கே இரண்டு எண்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று தகுதி மதிப்பெண். சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. இதற்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. நீங்கள் 48, ஆகவே உள்ளே. இன்னொன்று கட்-ஆஃப். அது அந்த வருடம் யார் யார் போட்டார்கள், உங்கள் பிரிவில் எத்தனை இடம், எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை முன்கூட்டிச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிளாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஐந்தாண்டுப் படிப்புக்குத்தான் அந்த ரேங்க். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் நுழைவுத்தேர்வு கிடையாது. மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மார்க், அதன்மேல் இடஒதுக்கீடு, அவ்வளவுதான். பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கும் சீர்மிகு சட்டப்பள்ளியை மட்டும் மறந்துவிடுங்கள். அங்கே ஆனர்ஸ் படிப்பு, கேட்கிற சதவீதமும் அதிகம்.

யூடியூபில் "மார்க் குறைவா? மனதைத் தொடும் கட்டுரை எழுதுங்கள்" என்று வரும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே எல்சாட் என்று 120 முதல் 180 வரை மதிப்பெண் போடும் ஒரு தேர்வு. அது குறைந்தால், கல்லூரி மார்க் குறைந்தால், ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதி இணைக்கலாம், அதைப் படிக்க ஆள் இருக்கிறது. இங்கே உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன செமஸ்டரைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. கல்நெஞ்சம்தான். ஆனால் அதில் ஒரு வசதியும் உண்டு: ஏன் அரியர் வைத்தாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. 2013-ல் கடைசிச் சுற்றில் அழைப்பு வந்து சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனேன். அரியர் எழுதியவனுக்கு மார்க் ஷீட் ஒரு கத்தை இருக்கும். என்னிடம் பதினான்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டி, கால்குலேட்டரில் தட்டி, பாதியில் விரலை நிறுத்தி, "எலக்ட்ரானிக்ஸ் பிராக்டிகல் எங்கப்பா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருந்தன. ஆகவே இப்போதே உங்கள் கல்லூரியில் மொத்த மதிப்பெண்ணும் ஒரே தாளில் வருகிற கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை வாங்கி வையுங்கள். சதவீதத்துக்கு எந்தெந்தப் பாடங்களைச் சேர்ப்பார்கள் என்பது விண்ணப்பக் கையேட்டில் இருக்கும். அதைப் படித்து நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். உங்கள் 48 யார் கூட்டிய 48 என்று எனக்குத் தெரியாது.

கல்லூரி விருப்பத்தில் ஊர்ப்பாசம் பார்க்காதீர்கள். எனக்குப் பழனி பக்கம். மதுரையோ கோவையோ கிடைத்தால் தேவலை என்று இருந்தது. கிடைத்தது வேலூர். காட்பாடியில் மூன்று வருடம். இப்போது விழுப்புரம், தர்மபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி என்று அரசுக் கல்லூரிகள் கூடிவிட்டன. எல்லாரும் கேட்கிற ஊரை விட்டுவிட்டுத் தள்ளியிருப்பதையும் பட்டியலில் போடுங்கள். தனியார் கல்லூரி என்றால் கட்டணம் கூடுதல். சேரும் முன்பு பார் கவுன்சில் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம்.

அப்புறம் ஒரு ஆபத்து. மார்க் குறைந்தவனைத் தேடி ஒரு ஏஜென்ட் நிச்சயம் வருவார். என்னையும் பழனி பஸ் ஸ்டாண்டில் பிடித்தார். பக்கத்து மாநிலத்தில் ஒரு காலேஜ், கிளாஸ் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், மொத்தமாக இவ்வளவு என்றார். வக்கீல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் லெட்டர்பேட் காலேஜ். விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். அது பின்னால் கிளறப்பட்டால் என்ரோல்மென்ட்டே, அதாவது வக்கீலாகப் பதிவு செய்ததே, ஆட்டம் காணும். அதைவிட, வகுப்பில் உட்காராமல் சிவில் நடைமுறைச் சட்டம் எப்படிப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தே எனக்குப் பாதிதான் புரிந்தது.

சரி, இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால்? நான் சும்மா இருந்த அந்த ஒரு வருடத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நூறு ரூபாயும் மதியச் சாப்பாடும். அங்கேதான் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரம், படிக்கக் கற்றுக்கொண்டேன். கிரயப் பத்திரத்தில் "வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று இருந்தால், பாதை வடக்கே இருக்கிறது என்றுதான் புதிதாகப் படிக்கிறவன் நினைப்பான். அப்படியில்லை. நம் நிலம்தான் பாதைக்கு வடக்கே இருக்கிறது, பாதை தெற்கு எல்லை. நான் முதல் வாரம் நான்கு திசையையும் தலைகீழாக வரைந்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2016-ல் முடித்து, என்ரோல் ஆகி, ஒரு முன்சீப் கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்த மூன்றாவது வாரம். சீனியர் ஒரு பிராதுக் கட்டை (வழக்குத் தொடுக்கும் மனு) கொடுத்து எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். சொத்து விவரத்தில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தது. பத்திரத்தை மொழிபெயர்த்தவர் செய்த அதே முதல் வாரத் தப்பு. காட்டினேன். சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். "யார்கிட்டப்பா படிச்ச?" என்றார். பத்திர எழுத்தர் பெயரைச் சொன்னேன். என் டிகிரி சதவீதத்தை அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. நான் இருப்பது கீழ்க்கோர்ட், சாட்சியும் பிராதும் தமிழில் ஓடுகிற இடம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் மார்க்கும் கல்லூரிப் பெயரும் பார்ப்பார்கள். அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை, உங்களுக்கும் சிரமம்தான்.

படித்து முடித்த பிறகு வருகிற அகில இந்திய பார் தேர்வுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். 100 கேள்வி, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். என்ரோல்மென்ட் கட்டணமும் 2024 ஜூலை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. எங்கள் காலத்தில் அதற்கே கடன் வாங்கினோம். நீதிபதித் தேர்வு ஆசை இருந்தால், 2025 மே மாதத் தீர்ப்பின்படி முதலில் மூன்று வருடம் வக்கீலாக இருந்தாக வேண்டும்.

விண்ணப்பத் தேதி அறிவித்ததும் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், சர்வர் படுத்துவிடும். சாதிச் சான்றிதழில் இருக்கிற பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் இனிஷியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றில் 'எஸ்', இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. தாலுகா ஆபீஸுக்கு மூன்று நடை.