கோலார் தங்கவயலில் தெரியும் வெளிறிய மேடுகள் இயற்கையான குன்றுகளா?

இல்லை. அவை 'சயனைடு மலைகள்'. தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண்.

தங்கம் அங்கே கட்டியாகக் கிடைக்கவில்லை. ஒரு டன் பாறையில் மிகச் சிறிதளவுதான், அதுவும் பெரும்பாலும் நுண்ணிய துகள்களாக. அதனால் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். தேங்காய்ப்பால் பிழிந்தபின் சக்கை மிஞ்சுவதில்லையா? இது நூறு ஆண்டுச் சக்கை.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் போகலாம். அருகே போய்ப் பாருங்கள்: மழை அரித்த ஓடைகள், முகப்பவுடர் போல மெல்லிய மண். காற்றடித்தால் அது குடியிருப்புகளுக்குள் புகுகிறது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சுரங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவர்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மேடுகளில் ஏற வேண்டாம். மூடிய சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அவற்றின் வாய்களையும் நெருங்க வேண்டாம்.

தங்கம் முழுவதும் தீர்ந்ததால்தான் 2001இல் சுரங்கம் மூடப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் எடுக்கும் செலவு, கிடைத்த தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது.