மானாவாரி நிலத்துக்கு எந்தக் கடன் உதவும்? – வேளாண் நிதி குறித்த வாசகர் கேள்வி பதில்

சொந்த ஊரில் நிலமும் வடசென்னையில் பிழைப்புமாக வாழும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன்; கண்டெய்னர் யார்டில் வேலை. எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகில் உள்ளது. அண்ணன் நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நெல்லும் மிளகாயும் பயிரிடுகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டுதோறும் பயிர்க்கடன் வாங்கித் தவறாமல் கட்டுகிறார். ஆனாலும் நிலமும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. கடன் தொகை போதவில்லையா?

பதில்: தொகையைவிடக் கடனின் வகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் வாங்குவது விதை, உரம், உழவுக்கூலி, களையெடுப்பு என ஒரே பருவத்தில் செலவழிந்து, அறுவடை முடிந்ததும் திரும்பிவிட வேண்டிய பணம். அதைக் கொண்டு கிணறு வெட்டவோ, பண்ணைக்குட்டை அமைக்கவோ, கருவேலம் மண்டிய தரிசைத் திருத்தவோ முடியாது. அவர் நாணயமாகக் கட்டியும் நிலம் அப்படியே இருப்பதற்கு அவருடைய உழைப்பில் குறை தேட வேண்டியதில்லை. பருவத்துக்கான பணம் ஒன்று. நிலத்தில் பல ஆண்டுகள் நின்று பயன் தரும் முதலீடு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மேலாக, எந்தத் தனி உழவரும் தம் பெயரில் கடன் வாங்கிச் செய்துகொள்ள முடியாத கண்மாய், வரத்துக்கால், சாலை, கிடங்கு ஆகியவற்றுக்கான பொதுப்பணம். பின்தங்கிய வட்டாரங்களுக்கு முதல் வகை ஓரளவு வந்து சேர்கிறது; மற்ற இரண்டும் வந்து சேருவதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இந்த வேறுபாட்டைச் சென்னை மாகாணம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1890களில் ஆங்கிலேய அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் மாகாண அரசுக்கு அளித்த அறிக்கை கூட்டுறவுக் கடனுக்கு வழிகாட்டியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவானது. ஆனால் அத்தகைய சங்கம் தருவது குறுகிய காலக் கடன் என்பதால், நிலத்தை ஈடாகக் கொண்டு நீண்ட காலத்துக்குக் கடன் தருவதற்கென்றே 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் மக்கள் ‘நிலவள வங்கி’ என்று அழைத்தது இதன் வழிவந்த அமைப்பைத்தான். கிணறு, பம்புசெட்டு, டிராக்டர் ஆகியவற்றுக்கு ஒரு தலைமுறை உழவர்கள் அதைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தப் பிரிவு மெலிந்து போனதும், கழுத்திலிருக்கும் நகையை வைத்து வாங்கும் கடனே வேளாண் கடனாகக் கணக்கில் ஏறுவது பெருகியதும் தமிழக வேளாண்மைக்கு நேர்ந்த பேரிழப்பு என்று நினைக்கிறேன்.

அடுத்தது பணம் கைக்கு வரும் நேரம். உங்கள் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மழையை எதிர்பார்த்து, காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பு முன்கூட்டியே நடந்துவிடும். விதைப்புக்கு வேண்டிய பணம் மழை தொடங்கிய பின் வந்தால், அது நிலத்துக்குப் போவதில்லை. அதற்குள் வெளியே வாங்கிய வட்டிக் கடனை அடைக்கப் போகிறது. வடசென்னையில் தண்டல் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலித்தால், குறைந்துகொண்டே வரும் அசலின் மீது ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 சதவீதம் ஆகிறது. ஊரில் ‘அஞ்சு வட்டி’ என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. வங்கியின் உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 7 சதவீதம், உரிய நாளில் கட்டினால் 4 சதவீதம். இவ்வளவு மலிவான கடன் இரண்டு மாதம் தாமதமாக வருவதாலேயே மனிதர்கள் 60 சதவீதத்துக்குப் போகிறார்கள். கடன் அட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் சுழற்சிக் கடன் என்பதால், அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணனிடம் அது இல்லையென்றால் முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள்.

இனி முதலீட்டுக் கடன். கடன் அட்டையோடு சேர்த்தே பண்ணைக்குட்டை, கிணறு போன்றவற்றுக்குத் தவணைக் கடன் கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் சிறு விவசாயி. அதற்கான சான்றை வாங்கிவிட்டால், தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் முதலில் நீர் ஆதாரம், அதன்பின் குழாய் என்ற வரிசையில்தான் செல்ல வேண்டும். குட்டையில் தண்ணீர் தங்குமா என்று பார்க்காமல் சொட்டுநீர்க் குழாயைப் பதிப்பதில் பயனில்லை.

பொதுப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் சேமிப்புக்கும் பங்கு உண்டு. தண்டையார்பேட்டைக் கிளையில் நீங்கள் போட்டிருக்கும் பணத்தைக் கொண்டு வங்கி கொடுக்கும் கடனில் 18 சதவீதம் வேளாண்மைக்கும், அந்த 18க்குள்ளேயே மொத்தக் கடனில் 10 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுக்கும் சேர வேண்டும். இதை எட்டாத வங்கிகள் விடுபட்ட தொகையை வைப்பாகச் செலுத்துவதற்கென்று 1995–96இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டில் ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி உருவாக்கப்பட்டது. மாநில அரசுகள் அதிலிருந்து கடன் பெற்றுப் பாசனம், சாலை, பாலம், கிடங்கு ஆகியவற்றைக் கட்டுகின்றன. உங்கள் கண்மாயில் நீர் திறக்கும் மடையும் உபரி நீர் வழியும் கலுங்கும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால், ஊராட்சியின் தீர்மானமும் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலமான மனுவும் தேவை. ராமநாதபுரமும் விருதுநகரும் 2018இல் மத்திய அரசால், வளர்ச்சியில் பின்தங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்களாக’த் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மனுவில் அதைக் குறிப்பிடுவதும் நல்லது.

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் கணவரின் குடும்ப நிலம் கூட்டுப்பட்டாவில் இருக்கிறது. ஊரில் இன்னொருவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறார். அவருக்கு வங்கியில் கடன் தர மறுக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம், அம்மா?

பதில்: உங்களைப் போல உழுபவரைப் பற்றி யோசிக்கும் நில உரிமையாளர்கள் குறைவு; அதற்காக மகிழ்கிறேன். முதலில் உங்கள் கணவரின் பங்கை உட்பிரிவு செய்து தனிப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பங்காளிகளின் சம்மதம் இருந்தால் அதிகத் தொல்லை இருக்காது. அடுத்து, குத்தகையைத் தாளில் எழுதுங்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிறது. உரிமையாளர்களின் அந்த அச்சத்துக்கான முழு விலையையும் உழுபவர்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கிராமத்தின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் உண்மையில் சாகுபடி செய்பவரின் பெயர் இடம்பெறாவிட்டால், கடனும் அவருக்கு இல்லை, பயிர்க் காப்பீடும் அவருக்கு இல்லை. வெள்ளத்தில் பயிர் அழுகினால் இழப்பு ஒருவருக்கும் இழப்பீடு வேறொருவருக்கும் போய்ச் சேருவது பெரிய அநீதி. 2016 முதல் நடைமுறையிலுள்ள பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரர்களும் சேரலாம்.

எழுதிக் கொடுக்கப் பங்காளிகள் இசையவில்லை என்றால், அவரைப் போன்ற நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியை அணுகலாம். ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதே அங்கே ஈடு. அவர் வீட்டுப் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அதுவும் ஒரு வழி. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முயற்சி, நிலமில்லாதவர்களுக்கு வங்கிக் கதவைத் திறந்ததில் மற்ற எதையும்விட அதிகம் செய்திருக்கிறது.

கேள்வி: கடன் தள்ளுபடி விவசாயத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? (கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

பதில்: வறட்சியிலும் வெள்ளத்திலும் எல்லாவற்றையும் இழந்தவருக்குத் தள்ளுபடி உயிர் காக்கும் உதவி, அதை எதிர்க்க எனக்கு மனம் இல்லை. ஆனால் அது வளர்ச்சிக்கான நிதி ஆகாது. 2021இல் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. சங்கத்தில் கடன் பெற்றவருக்குத்தான் அது எட்டும். வட்டிக்காரரிடம் வாங்கிய குத்தகை உழவருக்கு எட்டாது. அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தாமதமாக ஈடு செய்தால், அடுத்த பருவத்தில் புதிய கடன் கொடுக்கவே சங்கத்தின் கையில் பணம் இருக்காது. இந்தியக் கிராமங்களின் கடன் நிலையை 1951 முதல் ஆராய்ந்து 1954இல் அறிக்கை தந்த கோர்வாலா குழு, உழவர் வாங்கிய கடனில் சுமார் 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்தும், சுமார் 3 சதவீதம் மட்டுமே கூட்டுறவுகளிடமிருந்தும் வந்தது என்று கண்டது. அந்த நிலையிலிருந்து மீண்டு வந்த சங்கங்களை நலிய விடக் கூடாது.

கேள்வி: திருவொற்றியூர், எண்ணூர், மணலி பகுதிகளில் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் இருக்கிறோம். ஊர்ச் சங்கம் வைத்து மாதாமாதம் பணம் சேர்க்கிறோம். இதுவரை கோயில் திருவிழாவுக்குத்தான் செலவிட்டோம். இந்த ஆண்டு ஊரின் விவசாயத்துக்குச் செலவிட எண்ணுகிறோம். வழி சொல்லுங்கள்.

பதில்: தயவுசெய்து அந்தப் பணத்தைத் தனித்தனி வீடுகளுக்குக் கடனாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். வசூலிப்பதிலேயே உறவு கெட்டுவிடும். அரசு நிதியை ஊருக்கு இழுத்துவர உங்கள் தொகையை முன்பணமாகப் பயன்படுத்துங்கள். மக்கள் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நீர்நிலைப் பணிகளும் அடங்கும். கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்ததா, ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனெனில் விண்ணப்பம் செல்ல வேண்டிய இடம் அதைப் பொறுத்தது.

ஊரில் உள்ள உழவர்கள், தாங்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைத் தொடங்க உதவுவது இன்னும் நீண்ட பயன் தரும். பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் பதிவு செய்யலாம். ஆனால் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் உதவி பெறச் சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகைக்கு இணையாகத் தலைக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை மூலதன மானியம் கிடைக்கும். சென்னையில் வசிக்கும் நீங்கள் பயிரிடுபவராக இல்லாததால் உறுப்பினராக முடியாது. ஊரில் பயிரிடும் உங்கள் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும்தான் ஆக முடியும். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடமே இருப்பதும் சரியானது.

அறுவடை நேரத்தில் விலை விழும்போது மூட்டையை வைத்துக் காத்திருக்க இடம் இல்லாததால்தான் மிளகாய் கிடைத்த விலைக்குப் போகிறது. ஊர் உழவர்களின் நிறுவனம் கிடங்கு கட்ட முன்வந்தால், வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அதுவரை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து, அதன் மீது பொருளீட்டுக் கடன் பெறும் வழியை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. கண்மாயிலிருந்து வண்டல் மண்ணை வயலுக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். மண் இலவசம், அள்ளுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும்தான் ஏழை உழவரிடம் பணம் இருக்காது. அந்த ஜேசிபி, டிராக்டர் வாடகையை உங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். கண்மாய் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியில்தான் வேலை நடக்கும் என்பதால், விண்ணப்பங்களைப் பங்குனியிலேயே கொடுத்துவிடுங்கள்.