செலியாக் பெண்களின் வருத்தமா?

"செலியாக் நோயாளிகளில் பெண்கள்தான் அதிகம் என்கிறார்களே, ஆண்களுக்கு அது வருவது குறைவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செலியாக் என்றால், கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் அரிக்கப்படுகிற வருத்தம்.

கண்டுபிடிக்கப்பட்டவர்களை எண்ணினால் பெண்கள்தான் அதிகம்: ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள். ஆனால் வருத்தம் சொல்லி வந்தவர்களை மட்டும் பார்க்காமல், ஊரில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடுகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவது உண்மைதான். மீதி வித்தியாசம் யாரைத் தேடிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தேன்.

நாங்கள் இலங்கையின் கிழக்கே, களுவாஞ்சிக்குடிப் பக்கம். அக்காவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இரத்தம் குறைவு. யாரிடம் காட்டினாலும் "மாதவிடாயில் போகிற இரத்தம்தான்" என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். கல்யாணமாகி முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தடவை கர்ப்பிணி கிளினிக்கில் மாதாமாதம் பார்த்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. அங்கேதான் ஒரு டொக்டர், "குளிசையை ஒழுங்காக விழுங்கியும் ஏறவில்லையென்றால் குடல் அதை எடுக்கவில்லை" என்றார். இரும்புச்சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி; செலியாக் அரிப்பதும் அதே இடத்தைத்தான். இரத்த மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி, செலியாக் இருந்தால் இரத்தத்தில் கூடும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்த்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்தார்கள். அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் கூடப்பிறந்தவர்களும் பார்க்க வேண்டும் என்றார்கள். நெருங்கிய இரத்த உறவில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கும். எனக்கும் இருந்தது!

அக்காவுக்காவது ஒரு தவறான காரணம் சொன்னார்கள். தம்பியான என்னை யாரும் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. வயிறு ஊதினால் ஃபார்மசியில் கேஸ்ட்ரிக் குளிசை வாங்கிப் போடுவேன். உடம்பு மெலிந்ததை வெயிலில் அலைகிற வேலையின் மேல் போட்டுவிட்டேன். அதற்கு இரண்டு வருடம் முந்தி எண்டோஸ்கோபிகூடச் செய்திருந்தேன், துணுக்கு எடுக்கவில்லை. எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்தேன். பிறகுதான் வாசித்தேன், ஆண்களுக்கு எண்டோஸ்கோபி செய்யும்போது அந்தத் துணுக்கை எடுப்பது பெண்களைவிடக் குறைவு என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வே வந்திருக்கிறதாம். கண்டுபிடிக்கும் நேரத்தில் ஆண்களிடம் எடை குறைவு, சத்துக் குறைவு கூடுதலாக இருப்பதையும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. கிளினிக் என்று ஒன்று அக்காவுக்கு இருந்தது. எனக்கு அப்படி எந்த வாசலும் இருக்கவில்லை.

நம் பக்கத்து டொக்டர்களையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். சோறு தின்கிற ஊரில் இது அரிது. 2016இல் வெளியான இந்திய ஆய்வில் செலியாக் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கில் வெறும் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. ஆனால் நாம் இப்போது சோறு மட்டுமா தின்கிறோம்? காலையில் பாண், இரவில் கொத்து ரொட்டி, இடியப்பம்கூட அவித்த கோதுமை மாவில்.

சந்தேகம் இருந்தால் ஒரு விஷயம் முக்கியம்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து முடிவு தவறாக வரலாம். ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; டிடிஜி பரிசோதனை வழக்கமாகத் தேடுவது அந்த வகையைத்தான். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அந்த டிடிஜி பரிசோதனை ஏமாற்றிவிடும்.

செலியாக் உறுதியானால் கோதுமையை விட வேண்டும், ஆனாலும் சாப்பாடு இங்கே பெரிய கஷ்டமில்லை. அரிசி மாப் பிட்டும் மீன் குழம்பும் இருக்கும்போது என்ன குறை? கடைப் பிட்டில் கோதுமை மா கலந்திருக்கும், சோயா மீட் பைக்கட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அம்மா எங்கள் இருவருக்கும் மாவைத் தனி டின்னில் வைக்கிறார்.

அம்மாவுக்குப் பரிசோதனை செய்தாயிற்று, செலியாக் இல்லை. அப்பாவைத்தான் இன்னும் கூட்டிப்போக முடியவில்லை. "எனக்கு என்ன வருத்தம்?" என்கிறார், மூன்றாவது பாண் துண்டைத் தேநீரில் தோய்த்தபடி.