ஊரில் விளைந்ததை மட்டும் வைத்து ஊர் விருந்து போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊரில் விளைந்த பொருட்களை மட்டும் வைத்து 200 பேருக்கு விருந்து வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முடியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் போன மாசியில் 200 பேருக்குப் போட்டோம்.

என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்யாதீர்கள். சமையல்காரரிடம் போனால் பழக்கத்தில் அவர் சாமான் லிஸ்ட் எழுதிவிடுவார். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் அதில் வந்துவிடும். அப்புறம் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள்.

நாங்கள் இரண்டு சாயங்காலம் அப்படி நடந்தோம். வாழை, பரங்கி, கத்தரி, அவரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மேலத்தெரு அப்பாயி வீட்டு வேலியில் படர்ந்து கிடந்த கொடி. ஒவ்வொரு காயும் ஒரு சாணுக்கு மேல் நீளம். தம்பட்டங்காய்! "இதையெல்லாம் இப்ப யாருய்யா திங்கிறா, விதைக்குன்னு விட்டு வச்சிருக்கேன்" என்றார். விருந்தன்று காலையில் அவரே பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, முறத்தில் வைத்து எடுத்து வந்தார். நார் எடுத்து, பொடியாக நறுக்கி வேகவைத்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல். அன்று முதலில் காலியான பாத்திரம் அதுதான்.

பருப்புதான் யோசிக்க வைத்தது. துவரை எங்கள் பக்கம் யாரும் போடுவதில்லை. சம்பா அறுப்புக்கு முன் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் பயறும்தான். அதனால் சாம்பாரையே விட்டுவிட்டோம். போன வருஷத்துப் பயறை உடைத்துப் பரங்கிக்காய்க் கூட்டு, ஊர்ப் புளியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், மோர். சாம்பார் இல்லாமல் விருந்தா என்று முணுமுணுத்தவர்களும் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். உப்பு வேதாரண்யத்து உப்பு. மிளகு, சீரகம், பெருங்காயம் கடையில் வாங்கியவைதான். அதையும் வாசல் போர்டில் எழுதி வைத்தோம். மறைத்துவிட்டு "எல்லாம் நம்ம ஊர்" என்று சொல்வது சரியில்லை.

அரிசி விஷயத்தில் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம். நெல் ஜெயராமன் எங்களுக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கியவர். 2018இல் அவர் போய்விட்டார், ஆனால் அவர் பரப்பிய நெல் இந்தப் பக்கம் இன்னும் விளைகிறது. அந்தப் பெருமையில் மாப்பிள்ளைச் சம்பாவையே சோறாக்கச் சொன்னோம். சமையல்காரர் பொன்னி மாதிரி நினைத்து, ஊறவைக்காமல் உலையில் போட்டுவிட்டார். அது தடித்த சிவப்பரிசி. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பன்னிரண்டரைப் பந்தி ஒன்றே முக்காலுக்குத்தான் உட்கார்ந்தது. பசியோடு காத்திருந்த குழந்தைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை சோற்றுக்குத் தூயமல்லி. வெள்ளையாக இருக்கும், பந்திக்குத் தோதானது. மாப்பிள்ளைச் சம்பாவைக் காலைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்வோம். அளவும் பார்த்துக்கொள்ளுங்கள்: வழக்கம்போல 22 கிலோ போட்டதில் கால்வாசிக்கு மேல் மிஞ்சியது. சிவப்பரிசிச் சோறு சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும், மறுசோறு கேட்பவர்கள் குறைவு.

இன்னொன்று. விளைவித்தவர்களிடம் இனாமாகக் கேட்காதீர்கள். "ஊர்க் காரியம்தானே, ஒரு தார் கொடுங்க" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, மார்க்கெட் விலைக்கு ஒரு ரூபாயும் குறைக்காமல் காசு கொடுத்தோம். முதல் பந்தியில் அவர்களைத்தான் உட்கார வைத்தோம். இலையில் கத்தரிக்காய் விழுந்ததும் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம், "இது நம்ம கொல்லைக்காய், காலையில பறிச்சது" என்றார்.

கை கழுவிவிட்டு நாலைந்து பேர் அப்பாயியிடம் தம்பட்டை விதை கேட்டு நின்றார்கள். பங்குனியில் நெற்று காயட்டும், வாங்க என்றார். நானும் போய் நாலு விதை வாங்கி வந்து ஆடியில் ஊன்றினேன். மூன்று முளைத்திருக்கிறது.