எலைட்ரா இறக்கையோடு தரையிலிருந்து கிளம்புவது எப்படி?

கேள்வி: மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் ஜாவா எடிஷனில் நண்பர்களின் சர்வரில் விளையாடுகிறேன். எலைட்ரா கிடைத்துவிட்டது. ஆனால் சமதரையில் நின்று ராக்கெட்டை விட்டால் அது மட்டும் மேலே போய்விடுகிறது, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எப்படியோ பறந்துவிட்டால் ராக்கெட் வெடித்து உயிர் குறைகிறது. என் கணக்கில் கேப் (முதுகில் தொங்கும் மேலங்கி) இருந்தும் இறக்கை சாம்பல் நிறமாகவே தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ராக்கெட் உங்களைத் தூக்க வேண்டுமென்றால், அதைப் பற்றவைக்கும்போது இறக்கை ஏற்கெனவே விரிந்திருக்க வேண்டும். விரியாமல், தரையைப் பார்த்தபடி வலது கிளிக் செய்தால், ஆட்டம் அதைச் சாதாரண வாணமாகத் தரையில் வைத்து விட்டுவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

ராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டிக் குதியுங்கள். கால் தரையை விட்டதும் இன்னொரு தட்டு. இறக்கை விரிந்து உடம்பு படுத்தவாக்கில் சாயும். உடனே வலது கிளிக். பழகும்வரை எஃப்5 அழுத்தி உங்கள் உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே செய்யுங்கள், எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். சர்வர் திணறுகிற நேரமென்றால் சமதரை வேண்டாம். ஒரு கோபுரத்தின் மேலிருந்து குதித்தால் இறக்கை விரிய அவகாசம் இருக்கும்.

உயிர் குறைவதற்குக் காரணம், ராக்கெட்டில் வண்ண வெடிக்காக நீங்கள் சேர்த்த வாண நட்சத்திரம். பறக்க அது தேவையே இல்லை. ஒரு காகிதம், ஒன்று முதல் மூன்று வரை வெடிமருந்து, அவ்வளவுதான். மூன்று ராக்கெட் கிடைக்கும். வெடிமருந்து கூடினால் உந்துதல் அதிக நேரம் நீடிக்கும். வண்ண வெடி வேண்டுமா? நட்சத்திர ராக்கெட்டுகளை டிஸ்பென்சரில் (பொருளை வெளியே எறியும் பெட்டியில்) போட்டுத் தரையிலிருந்து விடுங்கள், நீங்கள் தள்ளியே பறக்கலாம்.

அப்புறம் அந்தச் சாம்பல் நிறம். செட்டிங்ஸில் ஸ்கின் கஸ்டமைசேஷனுக்குப் போய் 'கேப்' ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். ஆஃப் ஆக இருந்தால் எலைட்ரா வெறும் சாம்பலாகத்தான் தெரியும். ஆன் செய்ததும் கேப்பின் படம் இறக்கையில் வந்துவிடும். ஆட்டத்தை உருவாக்கிய மோஜாங்கின் கணக்கிலிருந்து மைக்ரோசாஃப்டுக்கு மாறியபோது கிடைத்த மைக்ரேட்டர் கேப்புக்கும் இதேதான். வேகத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து பறக்கும்போது யார் எங்கே என்று தூரத்திலிருந்தே தெரியும். எனக்கு அதுவே போதுமான காரணம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எலைட்ராவின் ஆயுள் 432, பறக்கிற ஒவ்வொரு நொடிக்கும் 1 குறையும். மந்திரம் எதுவும் போடாவிட்டால் சுமார் ஏழு நிமிடம்தான். கடைசி 1 மிஞ்சும்போது இறக்கை மடங்கி, நடுவானிலிருந்து விழுவீர்கள். பட்டறைக்கல்லில் ஒரு ஃபேன்டம் சவ்வு (ஃபேன்டம் என்ற பறக்கும் அரக்கனைக் கொன்றால் கிடைப்பது) 108 ஆயுளைத் திருப்பித் தரும். முடிந்தால் தேய்மானத்தைக் குறைக்கும் அன்பிரேக்கிங் 3, அனுபவப் புள்ளிகளால் பழுது பார்க்கும் மெண்டிங் ஆகிய இரண்டு மந்திரங்களையும் போட்டுவிட்டு நீண்ட பயணத்துக்குக் கிளம்புங்கள்.