ம்தினா பலாஸ்ஸோ ஃபால்சன்: உள்ள போகணுமா, வெளிய பாத்தா போதுமா?

கேள்வி: அம்மாவோட மால்டா போறோம், அங்க மதில் சூழ்ந்த பழைய ஊரான ம்தினாவுக்கு அரை நாள்தான். "நார்மன் ஹவுஸ்"னு சொல்றாங்களே பலாஸ்ஸோ ஃபால்சன், அந்தப் பழைய மாளிகைக்குள்ள போலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேற.

பதில்: கண்டிப்பா போங்க. ஆனா டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி எதிர்ச்சுவரை ஒட்டி நின்னு பத்து நிமிஷம் முகப்பை மட்டும் பாருங்க, நிறைய பேர் அவசரத்துல இதை விட்டுட்டு நேரா உள்ள போயிடறாங்க, எனக்கு அதுதான் மனசு கேக்காது.

கீழ்தளம் கிட்டத்தட்ட மொட்டைச் சுவர், கோட்டை மாதிரி. அதுக்கு மேல கல்லுல ஒரு பட்டை ஓடும், அதுக்கடியில ரம்பப் பல்லு மாதிரி சின்னச் சின்ன முக்கோணக் கல்லா வரிசையா தொங்கும். அதையும் தாண்டிப் பாத்தா ஜோடி ஜன்னல், ரெண்டு வளைவு, நடுவுல ஒல்லியா ஒரே ஒரு தூண். கோதிக்ங்கற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியோட அழகே அங்கதான் இருக்கு.

நார்மன்ங்கற பேரை நம்பிடாதீங்க. வடக்கு பிரான்ஸ்லேர்ந்து கிளம்பி சிசிலியைப் பிடிச்ச நார்மன்காரங்க மால்டாவுக்கு வந்தது 1091ல, இந்த வீட்டோட ரொம்பப் பழைய பகுதியே 13ஆம் நூற்றாண்டுன்னுதான் சொல்றாங்க, இப்ப இருக்கற உருவம் சுமாரா 1495 வாக்குல வந்தது, அப்ப தீவு ஸ்பெயின் பக்கத்து அரகோன் ராஜாக்கள் கையில, சிசிலியோட சேர்ந்து இருந்துச்சு, அதான் அந்த சிசிலி சாயல். 1693 பூகம்பத்துல ஊர் பலமா அடிவாங்கி அப்புறம் நிறைய இடத்தை பரோக்ங்கற பிற்கால ஆடம்பர ஸ்டைல்ல கட்டிட்டாங்க, ஊருக்குள்ள நீங்க நுழையற பெரிய வாசலே 1724ல கட்டினதுதான். அதனால இப்படி ஒரு வீடு மிஞ்சினது பெரிய விஷயம்.

உள்ள இருக்கற சாமானெல்லாம் அந்தக் காலத்து பிரபு குடும்பத்தோடதுன்னு நினைச்சுக்காதீங்க. அது இந்த வீட்டுல வாழ்ந்து 1962ல காலமான ஓலோஃப் கோல்ச்சர்ங்கறவர் ஆசை ஆசையா சேர்த்தது, கம்பளம், வெள்ளி, ஆயுதம், ஓவியம், புத்தகம்னு. 2007லதான் மியூசியமா திறந்தாங்க. அதுல பிரெஞ்சுப் புரட்சி காலத்து கடிகாரம் ஒண்ணு இருக்கு, ஒரு நாளுக்கு 10 மணி நேரம்னு கணக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க.

அம்மா விஷயம்: பஸ் ஊர் மதிலுக்கு வெளியதான் நிக்கும், வீடு வில்லகேன்யோன் தெருவுல கிட்டத்தட்ட மறுகோடில, ஊர் சின்னதுதான், மெதுவா நடந்தாலும் போயிடலாம். மாடி ஏற லிஃப்ட் வசதி எப்படின்னு கவுன்டர்லயே கேட்டுட்டு டிக்கெட் வாங்குங்க. முடியலன்னா அம்மா கீழ முற்றத்துல உக்காந்துக்கட்டும், அந்தத் தேன் நிறக் கல்லைப் பாத்துட்டு இருந்தாலே நேரம் போறது தெரியாது.